அடைத்தல்

வட காற்று அடித்தால் மழை வருமென்று
தல்காவானோவில் நாய்க்கும் தெரியும்.
வியாழன் இரவு வந்த காற்றோ
எங்கள் கூரையிலிருந்து மூன்று தகரத்தை
உரித்துக்கொண்டு போகவே வந்தது.

மீன் ஆலையில் தோல் உரிக்கிறவள் நான்.
உரிபடும் சத்தம் எனக்குத் தெரியும்.
எழுந்து உட்கார்ந்தபோது
பயத்துக்கு முன்னால் கணக்கு வந்தது:
தகரம் வாங்கியது இருபத்துநான்கு தவணையில்.
இருபத்தொன்று கட்டியாயிற்று.
பாக்கி மூன்று.
பறந்ததும் மூன்று.
கடைக்காரன் காற்றிடம் சொல்லியனுப்பி
தன் பங்கை எடுத்துக்கொண்டான் போல.

இரண்டு ஓடையோடு போயின.
மூன்றாவது
பக்கத்து வீட்டு நோல்பெர்த்தோவின் கார் மேல்,
முன்கண்ணாடியில்.
அது நாற்பத்தெட்டுத் தவணைக் கார்,
இன்னும் முப்பத்தொன்று இருக்கிறது.
ஆக, ஒரு கடன் பறந்துபோய்
இன்னொரு கடன் மேல் விழுந்தது.
நடுவில் உடைந்த கண்ணாடி மட்டும்
ரொக்கம் கேட்டது.

இந்த ஊரில் ரொட்டி வாங்கினாலும்
கல்லாவில் இருக்கும் பெண் தலை நிமிராமல் கேட்பாள்:
"தவணையிலா, மொத்தமாகவா?"
போன வருடம் வெங்காயமும் சோப்பும்
மூன்று தவணையில் வாங்கினேன்.
வெங்காயம் தீர்ந்து, அரிந்தபோது வந்த கண்ணீரும் காய்ந்து
இரண்டு மாதம் கழித்தும்
அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன்.
அன்றைக்குத்தான்
அட்டையைக் கத்தரியால் நறுக்கினேன்.

பிறகு பிஸ்கட் டின்னில் நான்கு உறைகள்.
மின்சாரம்.
எரிவாயு.
மியாராயின் பள்ளிக்கூடம்.
நான்காவதன் மேல் எலியேசர் எழுதினான்: "எதற்கோ."
பெயர் வைப்பதில் அவன் எப்போதும் சோம்பேறி.
அதில் பதினெட்டாயிரம் பெசோ.
கண்ணாடிக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
இதற்கா, என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.
எதற்கோ என்றுதான் எழுதியிருந்தது.

விடிந்ததும் சண்டைக்குத் தயாராகப் போனேன்.
காற்றுக்கு நான் பொறுப்பா,
காரை யார் அங்கே நிறுத்தச் சொன்னது,
எல்லாம் வரிசையாக வாயில் இருந்தது.
நோல்பெர்த்தோ சூப் கரண்டியால்
இருக்கையிலிருந்து கண்ணாடித் துகளை
அள்ளிக்கொண்டிருந்தான்.
என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தான்.
"மெதுவாக. இன்ஷூரன்ஸை
மார்ச்சிலேயே நிறுத்திவிட்டேன்.
உபால்தினாவுக்குத் தெரியாது."

மழையில் நின்று
களவாடியதைப் பங்கு போடுகிறவர்கள் போல
காதோடு காதாகப் பேரம் பேசினோம்.
மாதம் எவ்வளவு முடியும்?
பதினோராயிரம்.
பத்து மாதமா?
பத்து மாதம்.
வட்டி? என்று கேட்டேன், பழக்க தோஷத்தில்.
அவன் சிரிக்கவில்லை.
பின்சீட்டிலிருந்து எங்கள் தகரத்தை எடுத்துக் கொடுத்தான்,
மூலை மடங்கி,
பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கம் மாதிரி.

இப்போது எலியேசர் கூரை மேல்.
படியில் வைத்துச் சுத்தியலால் நிமிர்த்திய அந்த ஒன்றை
அறைகிறான்.
மற்ற இரண்டு இடத்திலும் நீலத் தார்ப்பாய்.
கீழே மேசையில் நான்.
அவன் மேலே ஓட்டையை அடைக்கிறான்,
நான் இங்கே கடனை அடைக்கிறேன்.
ஆணி அவனிடம் தீர்ந்தால்
என்னிடம் கேட்கிறான்.
எனக்குத் தீர்ந்தால் யாரிடம் கேட்பது?

அடுப்பில் பூசணி அப்பம்.
மழைக்கு அது செய்தாக வேண்டும்,
எண்ணெய் என்ன விலை விற்றாலும்.
மியாராய் இரண்டாவதைத் தின்றுகொண்டே
டின்னை எட்டிப் பார்க்கிறாள்:
"அம்மா, புது உறை யாருக்கு?"

நோல்பெர்த்தோ என்று எழுத முடியாது.
கண்ணாடி என்றும் எழுத முடியாது.
உபால்தினா சர்க்கரை கேட்டு வருகிற வீடு இது.
யோசித்து யோசித்து
கடைசியில் எழுதினேன்:
"எதற்கோ, இரண்டு."

பக்கத்து அறையில் சொட்டுச் சத்தம் மாறிவிட்டது.
வாளி நிரம்பிவிட்டது போலிருக்கிறது.
ஊற்றிவிட்டு வருகிறேன்.